தமிழ் தொடங்கும் இடத்தில் நின்றுபோன பக்கம்

ஜார்ஜ் டவுன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ புலனத்தில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பக்கம், மேலே 500. அதற்குக் கீழே நீ எழுதியிருந்தது: "கையால ஓட்டினா ஓடுது அண்ணா, சர்வர்ல வச்சா ஓடல. மூணு நாளாச்சு." அந்த மூன்று நாள் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். சோறு இறங்கியிருக்காது. இதற்குக் கைப்பேசியில் துண்டு துண்டாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா உனக்கு முறுக்கும் நாரத்தங்காய் ஊறுகாயும் கட்டிவைத்திருக்கிறார். நாளைக் காலையில் பெரியப்பா மகன் ஜொகூருக்குக் காரில் வருகிறான். அவன் கையில் இதையும் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் உன் 500. எரர் லாகின் கடைசி வரியை நான் கேட்டதும் அனுப்பினாயே, அதில்தான் விடை இருக்கிறது. "அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, நீயும் நூறு தடவை பார்த்திருப்பாய். ஆனால் அப்பாச்சி தேடிக் காணாதது உன் ஸ்கிரிப்ட்டை இல்லை. அதன் முதல் வரியில் பைத்தான் இருக்கும் இடத்தை எழுதியிருக்கிறாயே, அதைத்தான். நீ விண்டோஸ் நோட்பேடில் எழுதினாய். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறி போடும், லினக்ஸுக்கு ஒன்று போதும். மிஞ்சின குறி 'பைத்தான்3' என்ற பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தோடு முடியும் பைத்தான் எந்தக் கணினியில் இருக்கும்? நீ டெர்மினலில் ஓட்டும்போது பைத்தான் என்று பேர் சொல்லி ஓட்டுகிறாய். அப்போது அந்த முதல் வரியை யாரும் படிப்பதில்லை. அதனால்தான் உன் கைக்கு ஓடுகிறது.

டாஸ்2யூனிக்ஸ் போட்டு அந்தக் குறிகளை எடு, பிறகு 755 உரிமை கொடு. அதன் பிறகும் லாக் 'அனுமதி இல்லை' என்று சொன்னால் கோப்பை விட்டுவிட்டு மேலே உள்ள அடைவுகளைப் பார். உன் வீட்டு அடைவுக்குள் வைத்திருக்கிறாய் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். உபுண்டு 21.04 முதல் வீட்டு அடைவை 750 ஆகத்தான் திறந்து வைக்கிறது, வெளியாள் நுழைய முடியாது. நிரல் ஓடாமல் எழுத்தாகவே திரையில் கொட்டினால் சிஜிஐ மாடியூல் இயக்கப்படவில்லை என்று பொருள். உபுண்டுவில் அதை நாமேதான் இயக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நான் பேனா எடுத்தது வேறொன்றைச் சொல்லத்தான். உனக்கு இதுவரை சொன்னதில்லை.

2018 தைப்பூசம் உனக்கு நினைவிருக்கும். சனவரி 31, அன்று ராத்திரி சந்திர கிரகணமும் சேர்ந்து வந்தது. நம் நேரத்துக்கு 8:51க்கு நிலா முழுவதும் மறைந்து சிவந்தது, 10 மணி தாண்டித்தான் விட்டது. கிரகணத்தில் நடை சாத்துவது வழக்கம் என்பதால், எப்போது சாத்துவார்கள், எப்போது திறப்பார்கள், அர்ச்சனைக்கு எந்த நேரம் வரலாம் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தோடு 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டதால், எந்த ரதம் எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்ற கேள்வியும் இரண்டு மடங்காகியிருந்தது. நான் உதவி செய்துகொண்டிருந்த ஒரு சங்கத்தின் அகப்பக்கத்தில் இந்த நேரங்களையெல்லாம் போட்டிருந்தோம். யாராவது நேரத்தை மாற்றினால் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் அதைப் படித்துப் பக்கமாக எழுதிக் காட்டும். முந்தின வாரம்தான் பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு மாறினோம். நாகியோஸும் வைத்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அந்தப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும், 200 வந்தால் பச்சை காட்டும்.

ரதம் புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, நேரம் ஒண்ணையும் காணோமே?" என்றார். நான் நாகியோஸைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பச்சை. "உங்கள் கைப்பேசியில்தான் ஏதோ கோளாறு ஐயா" என்று சொல்லிவிட்டேன். எழுபது வயசு மனிதர், குரலை உயர்த்தவில்லை, "அப்படியா, சரிப்பா" என்று வைத்துவிட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் இன்னும் நான்கு பேர் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

மேலே சங்கத்தின் பெயர், மலாயிலும் ஆங்கிலத்திலும். அதற்குக் கீழே தொலைபேசி எண். அதற்கும் கீழே ஒன்றுமில்லை. தமிழ் தொடங்க வேண்டிய இடத்தில் பக்கம் நின்றுபோயிருந்தது.

டெர்மினலில் ஓட்டினேன், 'தைப்பூசம்' என்ற தலைப்பிலிருந்து கடைசி நேரம் வரை அழகாக வந்தது. உன்னைப் போலவே நானும் திகைத்தேன். எரர் லாகைத் திறந்தபோது ஒரே புகார் வரிசையாக இருந்தது: 'ஆஸ்கி' முறையில் இந்த எழுத்துகளை எழுத முடியவில்லை, 128க்குள் இல்லை. தைப்பூசத்தின் முதல் எழுத்து 'த'. யூனிகோடில் அதன் எண் 2980. 128 எழுத்து மட்டும் தெரிந்த ஒருவன் கையில் அதைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்?

யார் அந்த ஒருவன் என்று தேடினேன். என் டெர்மினலில் மொழி யுடிஎஃப்-8. ஆனால் சர்வரில் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது நான் இல்லை, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா என்ற பயனர். அப்பாச்சியின் 'என்வ்வார்ஸ்' கோப்பில் அவனுக்கு மொழி 'சி' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே, கணினியின் வழக்கமான மொழி வேண்டுமென்றால் அடுத்த வரியின் தொடக்கத்தில் உள்ள குறியை எடுத்துவிடு என்று குறிப்பும் இருக்கும். பழைய சர்வரில் யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ அதை எடுத்துவைத்திருந்தார். நாங்கள் தளத்தின் அமைப்புக் கோப்புகளை நகல் எடுத்தோம், அந்த மொழியை ஸ்கிரிப்ட்டுக்குக் கடத்தும் 'பாஸ்என்வ்' வரியும் அதோடு வந்தது. இந்தக் கோப்பை மட்டும் யாரும் நினைக்கவில்லை. புதிய சர்வரின் உபுண்டு 16.04இல் இருந்தது பைத்தான் 3.5. மொழி 'சி' என்றால் அது ஆஸ்கியில்தான் எழுதும். அதே வருஷம் சூனில் வந்த 3.7 முதல் பைத்தானே இதைச் சரிசெய்துகொள்கிறது. எங்களுக்கு அது ஐந்து மாதம் பிந்தி வந்தது.

குறியை எடுத்தேன், ரீலோட் செய்தேன். மாறவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி தான் எழும்போது கொண்டுவந்த சூழலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ரீலோட் அதைத் தொடாது. முழுக்க நிறுத்தித் திரும்பத் தொடங்கியபோது மணி பன்னிரண்டு. 'தைப்பூசம்' என்ற சொல் திரையில் வந்து நின்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாப்பா. பிறகு அந்தப் பெரியவரைக் காலையில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

ஏன் பச்சை காட்டியது என்பதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உன் புது வேலையில் பாதி கண்காணிப்புதான். ஸ்கிரிப்ட் முதலில் தலைப்புத் தகவலையும் ஆங்கில வரிகளையும் எழுதிவிட்டது. தமிழுக்கு வந்ததும் விழுந்தது. விழும்போதும் அதுவரை கையில் வைத்திருந்ததைப் பைத்தான் வெளியே தள்ளிவிட்டுத்தான் சாகும். அப்பாச்சிக்கு முறையான தலைப்பு கிடைத்தது, அது 200 என்று அனுப்பியது. நாகியோஸிடம் நான் கேட்டு வைத்திருந்தது 'கதவு திறக்கிறதா' என்பது மட்டும்தான், அதற்கு அது உண்மையான பதிலைச் சொன்னது. உள்ளே நேரம் எழுதியிருக்கிறதா என்று நான் கேட்கவேயில்லை.

அதற்குப் பிறகு செக்-எச்டிடிபி சோதனையில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடும்படி மாற்றினேன், பக்கத்தில் 'கோயில்' என்று இருக்கிறதா என்று. உடனே சிவப்பு. திரையில் 'கோயில்' இருக்கிறது, சோதனையிலும் 'கோயில்' இருக்கிறது, இரண்டும் ஒன்றில்லை என்கிறது கணினி. இது நம் எழுத்துக்கே உரிய சிக்கல். 'கோ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஓர் ஏகாரக் கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சங்கத்தில் தட்டச்சு செய்தவரின் விசைப்பலகை ஒரு மாதிரி, என்னுடையது வேறு மாதிரி. அதனால் ஒகர, ஓகார, ஔகார வரிசை இல்லாத சொல்லாகப் பார்த்து எடுத்துக்கொள். நான் 'தைப்பூசம்' என்றே வைத்துவிட்டேன். இப்போது சேமிக்கும்போதே ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது.

உன் அடுத்த சிக்கலுக்கு எப்போதும் ஒரு பழக்கம் வைத்துக்கொள். ஸ்கிரிப்ட்டை உன் பெயரில் சோதிக்காதே. சுடோ போட்டு அந்த டேட்டா பயனராக மாறி, உன் சூழலையெல்லாம் வெறுமையாக்கி, மொழி 'சி' என்று வைத்து ஓட்டிப் பார். சர்வர் எங்கே தடுக்கி விழுகிறதோ அங்கேயே நீயும் விழுவாய். கண்காணிப்பு நிரல்களுக்கும் இதேதான், அங்கே நாகியோஸின் பயனராக மாற வேண்டும். நாகியோஸ் 'திரும்பிய எண் 127' என்று முனகினால் அந்தப் பயனருக்குப் பாதை தெரியவில்லை, 126 என்றால் ஓட்ட உரிமை இல்லை. அதற்குத் தெரிந்தது 0 முதல் 3 வரைதான்: நலம், எச்சரிக்கை, ஆபத்து, தெரியவில்லை.

சர்வர்-ஸ்டேட்டஸ் பக்கம் 404 வருகிறது என்று கேட்டிருந்தாய். அந்தத் தளத்தில் வேர்ட்பிரஸ் இருக்கிறதல்லவா? தனக்குத் தெரியாத முகவரியையெல்லாம் தன் இன்டெக்ஸ் கோப்புக்குத் திருப்பிவிடும் விதியை அது போட்டு வைத்திருக்கும். அந்த விதிக்கு மேலே, சர்வர்-ஸ்டேட்டஸை விட்டுவிடு என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். ஆனால் திறந்ததும் நிறுத்திவிடாதே, உன் கைப்பேசியின் இணையத்திலிருந்தும் அதே முகவரியைத் திறந்து பார். 'உள்ளூர் மட்டும்' என்று அப்பாச்சியில் எழுதியிருப்பதை நம்பி நான் ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தேன். முன்னால் என்ஜின்எக்ஸ் நின்று கோரிக்கைகளை அதே கணினியிலுள்ள அப்பாச்சிக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தது. அப்பாச்சிக்கு உலகமே 127.0.0.1இலிருந்து வருவதாகத்தான் தெரிந்தது. யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். கண்காணிப்புக்கு மட்டும் வேறொரு போர்ட்டை உள்முகவரியில் திறந்து, வெளிவாசலில் அந்தப் பக்கத்தை மூடிவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. இதை நாளைக்கே செய்துவிடு.

கடிகாரத்தையும் பார்த்துக்கொள். சர்வர் யுடிசியில் இருக்கும், நாம் 8 மணி நேரம் முன்னால். காலை 7 முதல் இரவு 11 வரை எனக்கு எச்சரிக்கை அனுப்பு என்று எழுதி வைத்திருந்தேன். அது மதியம் 3 முதல் மறுநாள் காலை 7 வரை அனுப்பியது. அதனால் நடுச்சாமத்தில் எழுப்பும், காலையில் வாயே திறக்காது. பழைய தேதிகளைத் தொட நேர்ந்தால் இதையும் நினைவில் வை: 1982 சனவரி 1க்கு முன் தீபகற்பத்தில் நாம் ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தோம். அன்றைக்குக் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்ததைப் பற்றி அப்பா இன்னும் பேசுவார்.

நாளைக்குப் பசியாறிவிட்டு நிதானமாக உட்கார். வால் குறியை எடுத்த பிறகு லாக் என்ன சொல்கிறது என்று கடைசி இருபது வரியை அப்படியே அனுப்பு. படம் எடுத்து அனுப்பாதே, எழுத்தாகவே வெட்டி ஒட்டு. படத்தில் வரி ஓரங்கள் எனக்குத் தெரிவதில்லை.

அந்த வருஷத்துக்குப் பிறகு ரதத்துக்கு முதல் நாள் ராத்திரி நான் ஒன்று செய்கிறேன். பக்கத்தை என் கணினியில் திறப்பதில்லை. அம்மாவின் பழைய கைப்பேசியில் திறந்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு நேரமாக விரல் வைத்துச் சத்தமாகப் படிக்கிறார். போன தடவை கடைசி வரி வரை படித்துவிட்டு, "இதுல தண்ணீர்ப் பந்தல் எங்கன்னு போடலியே" என்றார். அது விட்டுப்போயிருந்தது. அப்போதே சேர்த்தோம்.

ஊறுகாய்ப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அன்புடன்,
உன் அண்ணன்