இரண்டடிக்கு இரண்டடி

வாஷிங் மெஷின் வாங்கப் போகிறீர்களா? சந்தோஷம். எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார், எத்தனை தவணை என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எங்கே வைக்கப் போகிறீர்கள்?

"வீட்லதான்" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். வீட்டில் எங்கே?

நம் தாத்தா காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நடந்து, அடுப்பங்கரையையும் தாண்டினால் கொல்லை. அங்கே கிணறு, பக்கத்தில் துவைக்கிற கல், கொடிக்கயிறு. அழுக்குத் துணிக்கு அடுப்பங்கரையில் வேலையே இல்லை. அடுக்குமாடி வந்தது, கொல்லை போனது. ஆனால் கொல்லையில் செய்த வேலை போகவில்லையே! அதுதான் இப்போது மெஷின் வேஷம் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் வருகிறது.

எங்கள் வீடு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், மூன்றாவது மாடி. விடிகாலையிலேயே பஸ் ஹாரன் இலவசம். பாத்ரூமில் ஆள் திரும்பவே இடம் இல்லை. பால்கனி கிடையாது. ஆகவே, சமையலறைதான்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் இருக்க வேண்டும். சுமார் 54 சதுர அடி. எங்களுடையது அந்தக் குறைந்தபட்சத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ரகம்.

வழக்கமான ஃப்ரன்ட் லோட் மெஷின் 60 சென்டிமீட்டர் அகலம், 85 சென்டிமீட்டர் உயரம். மேடைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று தோன்றும். மேடை 33 அங்குலம் என்று வையுங்கள். 84 சென்டிமீட்டர்தான்! மேல் கல்லின் கனத்தைக் கழித்தால் இன்னும் இடிக்கும். பின்னால் ஹோஸ் மடங்காமல் இருக்க மூன்று, நான்கு அங்குலம் விட வேண்டும். முன்னால் கதவு திறக்கவும், குனிந்து துணி எடுக்கவும் இடம் வேண்டும்.

தண்ணீரையும் அளக்க வேண்டும். தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம். பல மெஷின்கள் 0.3 பாராவது கேட்கும். கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை. மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் நூல் மாதிரித் தண்ணீர் வரும். குட்டி பம்ப் ஒன்று தேவைப்படலாம். கூடவே எர்த்தோடு 16 ஆம்ப் பிளக். அதைக் கிரைண்டரோடு பங்கு போடக் கூடாது.

இத்தனையும் கழித்துப் பார்த்ததில் ஜன்னலோர மூலை ஒன்றுதான் மிஞ்சியது. இரண்டடிக்கு இரண்டடி. ஆனால் அது காலி இடம் இல்லை. அம்மாவின் இடம்.

அங்கேதான் மணை போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவார். கீரை ஆய்வார். அடுப்படியில் நிற்கும் என் மனைவியோடு ஊர்க்கதை பேசுவார். மெஷின் வாங்குவதே அவருக்காகத்தான். முட்டி வலியோடு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி ஏறுவதை நிறுத்தத்தான். யாருக்காக மெஷினோ, அவர் இடத்துக்கே வேட்டு!

பி.காம். வகுப்பில் முதலில் சொல்லித் தருவது இதுதான். பற்று இல்லாமல் வரவு இல்லை. சின்ன வீட்டில் ஒரு பொருள் உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போயாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பற்று, வாய் திறந்து கேட்காதவர் கணக்கில் எழுதப்படுகிறது.

அம்மாவும் கேட்கவில்லை. "மெஷினை அங்கயே வைங்கப்பா. நான் எங்கயாவது உக்காந்துக்கறேன்."

என் மனைவி விடவில்லை. "எங்கயாவதுன்னா ஹாலா அத்தை? அங்க உக்காந்து யார்கிட்ட பேசுவீங்க?"

அத்தோடு வழக்கு முடிந்தது. ஃப்ரிட்ஜ் ஹாலுக்கு வந்தது. அது இருந்த இடத்துக்கு சிங்க்கிலிருந்து ஒரு குழாய் இழுத்து, மெஷினை நிறுத்தினோம். குட்டி யானையில் வந்திறங்கிய 60 கிலோ சுமையை, திரும்பத் திரும்பக் குறுகும் மாடிப்படியில் ஏற்றிய இரண்டு தம்பிகளுக்கு மோர் கொடுத்த கையோடு, அம்மா தன் மூலையில் உட்கார்ந்துவிட்டார். முட்டிக்காக மணைக்குப் பதில் முக்காலி.

முதல் ஓட்டத்துக்கு முன் பின்பக்கத்து டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள். வழியில் டிரம் ஆடாமல் இருக்கப் போட்டவை அவை. மறந்தால் மெஷின் சமையலறையை வலம் வரும். நான்கு கால்களையும் மட்டம் பார்த்துத் திருகிவிடுங்கள்.

டேப்போடு கிளம்பும்போது இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் அளக்கும் மூலையில் தினமும் யார் உட்காருகிறார்கள்? அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "பரவாயில்லை" என்பார். அதை மட்டும் நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டில் பற்று யார் கணக்கில் என்கிறீர்களா? ஹாலில் ஃப்ரிட்ஜ் நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது என் எழுதுமேஜை. இதைச் சாப்பாட்டு மேஜையில் ரசச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கணக்கு நேராகிவிட்டது.