பசியும் கதைசொல்லியும்

ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று தனி அலமாரியில் வைத்து விற்கப்படும் பதின்வயதினருக்கான நாவல்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது நண்பர்கள் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. யார் சொல்வது, யாருக்குச் சொல்வது, சொல்பவனுக்கு எவ்வளவு தெரியும் என்று நாம் பக்கம் பக்கமாக விவாதித்த பிரச்னையை இந்த நாவல்கள் தவிர்க்கவே முடியாமல் சந்திக்கின்றன. பெரும்பாலும் தன்மையில் சொல்லப்படுபவை. சொல்கிறவருக்கு ஏற்கனவே மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை மீறிக் குரல் எழுகிறதா என்பதுதான் என் கேள்வி.

மார்க் ஹாடனின் 'த க்யூரியஸ் இன்சிடெண்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்' 2003இல் பெரியவர்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று என இரண்டு பதிப்புகளாக வந்தது. இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்தில் கிறிஸ்டோபர் என்ற 15 வயதுப் பையன், எதிர்வீட்டு நாயைக் கொன்றது யார் என்று துப்பறியக் கிளம்புகிறான். அத்தியாயங்களின் எண்கள் 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களாகவே போகின்றன. ஹாடன் பிற்பாடு இது ஆஸ்பெர்ஜர் பற்றிய நாவல் அல்ல என்று சொல்லிப் பார்த்தார். பயன் இல்லை. ஆட்டிசத்துக்குக் கையேடாகவே அதைப் படித்தார்கள்.

கிறிஸ்டோபரால் பொய் சொல்ல முடியாது, அவனே சொல்கிறான். ஆனால் அவனைச் சுற்றிப் பொய்கள். தாயைப் பற்றித் தகப்பன் சொன்ன பொய்யை அவன் கண்டுபிடிக்குமுன் நாம் ஊகித்துவிடுகிறோம். நாவலின் நகைச்சுவை, பரிதாபம் எல்லாமே இந்த அரை அடி இடைவெளியில் இருக்கின்றன. பையனின் தலைக்கு மேலாக நாவலாசிரியரும் வாசகனும் கண்ஜாடை காட்டிக்கொள்கிறார்கள். ஹாடனின் கைத்திறனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தக் கண்ஜாடைதான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் உறுத்துகிறது.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'விண்டர்கேர்ள்ஸ்' (2009) நேர் எதிர். அனோரெக்ஸியா பிடித்த லியா என்ற அமெரிக்கப் பெண்ணுக்குப் பொய்தான் மூச்சு. தோழி காஸி ஒரு மோட்டல் அறையில் தனியாகச் செத்துப்போன இரவில் லியாவை 33 முறை தொலைபேசியில் அழைத்திருக்கிறாள்; இவள் எடுக்கவில்லை. எடைபார்க்கும் நாளில் அங்கியின் பைக்குள் நாணயங்களை வைத்துத் தைத்துக்கொள்கிறாள். உணவின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கலோரிக் கணக்கு. அந்த எண்களை நான் இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. அவை நோயுற்ற பெண்களுக்குப் போட்டியாகவும் பாடமாகவும் ஆகிவிடும் என்று நாவல் வந்தபோதே எழுந்த குற்றச்சாட்டைக் கலையின் பெயரால் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஆண்டர்சன் ஒன்று செய்திருக்கிறார். லியாவுக்கு முதலில் தோன்றும் சொல் அச்சிலேயே குறுக்குக் கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் அவள் தனக்கு அனுமதித்த சொல் வருகிறது. வங்கியில் ஒரு வவுச்சரில் அடித்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், யார் அடித்தது என்று தெரியவேண்டும். லியாவின் பக்கங்களில் அடிப்பது யார்? நோயா, அவளா? ஆண்டர்சன் ஒப்பமிடாமல் விட்டிருப்பது நல்ல கலைஞர் செய்யும் காரியம்.

இரண்டு புத்தகங்களையும் படித்த ஒருத்தியை எனக்குத் தெரியும். என் அக்கா மகள். இப்போது 19 வயது. சின்ன வயதிலிருந்தே தயிர்சாதத்தில் தாளிப்பு இருக்கக்கூடாது. கடுகு பல்லில் பட்டால் எழுந்துவிடுவாள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். ஒரே தட்டு. வீட்டில் அதற்குப் பிடிவாதம் என்று பெயர். கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போன வருஷம் எலும்பாகத் திரும்பிவந்தாள். அழைத்துப்போன மருத்துவமனையில், கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்பாய், எந்த நடிகை மாதிரி ஆகவேண்டும் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அந்தக் கேள்விகளே புரியவில்லை. புரியாததையும் நோயின் தந்திரமாக எழுதிக்கொண்டார்கள். ஆட்டிசம் என்ற சொல் ஒரு வருஷம் கழித்து வேறொருவரிடமிருந்து வந்தது.

'விண்டர்கேர்ள்ஸ்' படித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "இந்தப் பொண்ணுக்குப் பசிக்குது மாமா. பசியை அடக்குறா. எனக்குப் பசிக்கிறதே தெரியாதே." ஹாடனைப் பற்றிக் கேட்டேன். "எனக்குக் கணக்கு சுத்தமா வராது. ஆனா சாப்பாட்டுல மட்டும் அவன் நான்தான்."

ஒரு விமர்சகன் பத்துப் பக்கத்தில் எழுதவேண்டியதை இந்த நாலு வாக்கியம் செய்துவிட்டது. உண்ணாத பெண் என்றால் அழகுக்காகப் பட்டினி கிடப்பவள்; ஆட்டிசம் என்றால் கணிதம் தெரிந்த பையன். பதின்வயது நாவல் இந்த இரண்டையும் இரண்டு அலமாரிகளில் வைத்துவிட்டது. லியோ கேனர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்த கட்டுரையில் 11 குழந்தைகள்: 8 பையன்கள், 3 பெண்கள். அவர்களில் பலருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே உணவு தகராறாக இருந்ததை அவர் கவனித்திருக்கிறார். வெளியுலகம் குழந்தைக்குள் முதன்முதலில் நுழைவது உணவாகத்தான் என்பது அவருடைய விளக்கம். கிறிஸ்டோபர் கில்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் அனோரெக்ஸியாவுக்கும் ஆட்டிசத்துக்கும் உறவு உண்டா என்ற கேள்வியை 1983இலேயே கேட்டுவிட்டார். உடல்வடிவக் கவலை சிறிதும் இல்லாமல் உணவைத் தவிர்ப்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் தனிப்பெயரே கொடுத்தது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. நான் படித்தவரையில் நாவல் வரவில்லை.

காரணம் வடிவத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வகை நாவல் கடைசியில் ஒரு மீட்சியைக் கொடுத்தாக வேண்டும். லியா உறைபனியிலிருந்து விடுபடத் தொடங்குகிறாள். கிறிஸ்டோபருக்குக் கணக்குத் தேர்வில் 'ஏ' கிடைக்கிறது. கடுகைப் பொறுத்துக்கொள்ள முடியாத பெண்ணுக்கு எந்தப் பரிசைக் கொடுத்துப் புத்தகத்தை மூடுவது? எல் மெக்நிக்கோல், தானும் ஆட்டிசம் உள்ளவர், 'எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்' (2020) நாவலில் 11 வயதுப் பெண்ணைப் பேசவிடுகிறார். அங்கே அவள் தலைக்கு மேலே கண்ஜாடை இல்லை. அது பெரிய விஷயம். ஆனாலும் நன்மை வெல்லும் கதை.

காஃப்காவின் பட்டினிக் கலைஞன் (1922) நமக்கெல்லாம் மனப்பாடம். கலைஞனின் தனிமை, சமூகத்தின் அலட்சியம் என்று எவ்வளவோ பேசியிருக்கிறோம். சாகும்போது மேற்பார்வையாளனின் காதில் அவன் சொல்வதை மட்டும் உருவகமாக்கி நகர்ந்துவிட்டோம்: தனக்குப் பிடித்த உணவு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் எல்லாரையும்போல் வயிறாரச் சாப்பிட்டிருப்பேன் என்கிறான். அக்கா மகளின் பேச்சுக்குப் பிறகு என்னால் அதை உருவகமாகப் படிக்க முடியவில்லை. அவன் உள்ளதைத்தான் சொல்கிறான். 1924இல், தொண்டைக் காசநோயால் விழுங்க முடியாமல் கிடந்தபடி, அந்தக் கதை அடங்கிய தொகுப்பின் அச்சுப்பிரதியைக் காஃப்கா திருத்திக்கொண்டிருந்தார்.

ஹாடனின் நாவலில் ஒரு சிறு இடம் உண்டு. கிறிஸ்டோபருக்கு மஞ்சள் நிற உணவு ஆகாது. ஆனால் கோபி ஆலு சாக் என்ற நம் நாட்டுப் பதார்த்தத்தின் ருசி பிடிக்கும். அதனால் ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டியில் சிவப்புச் சாயம் வைத்திருந்து, கலந்து சாப்பிடுகிறான். விமர்சகர்கள் கடந்துபோகும் இடம். அவள் திருப்பிக்கொடுத்த என் பிரதியில் பென்சில் கோடு அங்கே மட்டும் இருந்தது.