சார்பும் நம்ம ரெண்டு மாவட்டமும்

பத்தாம் வகுப்பில் 'சார்பு' பாடம் வந்தாலே பிள்ளைகள் முழிப்பார்கள். மதிப்பகம், வீச்சகம் என்றால் யாருக்குப் புரியும்? பணியில் இருந்தவரை நான் நம் ஊர்களையே கரும்பலகைக்கு இழுத்துவிடுவேன்.

இடப்பக்கம் குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, உடையார்பாளையம் என்று தாலுகாக்கள். வலப்பக்கம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். ஒவ்வொரு தாலுகாவிலிருந்தும் ஓர் அம்புக்குறி புறப்பட வேண்டும், இரண்டு புறப்படக்கூடாது. அதுதான் சார்பு. பல தாலுகா ஒரே மாவட்டத்தில் போய் விழலாம், தப்பில்லை. அது பலவற்றிற்கு ஒன்றான சார்பு. மாவட்டத்துக்கு வண்டி எண் என்று போட்டால் பெரம்பலூருக்கு 46, அரியலூருக்கு 61. இது ஒன்றுக்கொன்று.

அரியலூர் 2001-ல் தனி மாவட்டமானது, 2002-ல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது, நினைவிருக்கிறதல்லவா? இடையில் இருந்த அந்த ஐந்து வருஷமும் எல்லா அம்பும் பெரம்பலூருக்கே. மாறிலிச் சார்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. செந்துறைக்காரர்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தது தனிக்கதை.

கடைசியாக, ஊருக்கு அந்த ஊர் ரயில் நிலையம் என்று எழுதுவேன். பெரம்பலூரிலிருந்து அம்பு புறப்படாது. ஆகவே இது சார்பே இல்லை என்பேன். ஒரு வருஷம் ஒரு பையன் எழுந்து, "அரியலூருக்கே அம்பு விடலாமே சார், எங்கப்பா அங்கதான் ரயில் ஏறுறாரு" என்றான். 'ரயில் ஏறும் நிலையம்' என்று விதியை மாற்றி எழுதினேன், சார்பாகிவிட்டது.

பெரம்பலூருக்கு ரயில்தான் இன்னும் வரவில்லை.