தட்டு உடைக்க வேட்டை லைசென்ஸ்

போன சனிக்கிழமை மினியாபொலிஸ் பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் நம் ஊர்ப் பையன் ஒருவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்பாசமுத்திரத்துக்காரன். எச்-1பி விசாவில் வந்து ஆறு வருஷமாகிறது. வரி பாக்கி கிடையாது, போலீஸ் வழக்கு கிடையாது, கார் ஓட்டியதற்கு ஒரு அபராதச் சீட்டுகூட வாங்கியதில்லை. அவன் ஆபீஸ்காரர்கள் கோடையில் வியாழக்கிழமை சாயங்காலம் டிராப், அதாவது பறக்கும் தட்டைச் சுடும் ஆட்டம், ஆடுவதற்கு ஒரு குழு வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் இவனையும் சேர்த்துக்கொண்டார்கள். "செலவு கையைக் கடிக்காம ஒரு துப்பாக்கி பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

துப்பாக்கி அமைந்துவிட்டது. விலையும் படிந்துவிட்டது. 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பும்போது விசா விவரம் வந்தது. கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வேட்டை லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். பையன் முட்டைகூடத் தொடாதவன். "வேட்டைக்கெல்லாம் போகமாட்டேன், தட்டு மட்டும்தான் சுடப்போகிறேன்" என்றான். "அது இல்லாமல் விற்க முடியாது" என்று சொல்லிவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் இந்த ஆட்டத்துக்கு வந்தேன் என்பதால் இந்தச் சட்டம் என் மேல் படவே இல்லை. விசாவில் இருக்கிறவர்கள் மேல்தான் படுகிறது. 1997ல் சுற்றுலா விசாவில் வந்த ஒருவர் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல்தளத்தில் சுட்டு ஒருவரைக் கொன்றார். அடுத்த வருஷமே சட்டம் வந்தது. குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சுற்றுலா விசா, படிப்பு விசா, எச்-1பி எல்லாம் ஒரே கணக்கு. வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் நண்பருடையதை வாங்கிச் சுடுவதும் குற்றம்தான். மீறினால் 15 வருஷம் வரை சிறை. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றில் சாமானியனுக்குக் கைகொடுப்பது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ்.

இதிலே என்ன நியாயம் இருக்கிறது? முயலையும் அணிலையும் காட்டுக்கோழியையும் கொல்லலாம் என்ற அனுமதிச் சீட்டு இருந்தால் இவன் நம்பகமானவன். உயிரில்லாத தட்டை உடைக்கிறேன் என்றால் ஆபத்தானவன். அந்தச் சீட்டு வாங்குவது பெரிய காரியமும் இல்லை. நாங்கள் இருக்கிற மினசோட்டாவில் 1979க்குப் பிறகு பிறந்தவர்கள் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்று காட்ட வேண்டும், கொஞ்சம் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த வகுப்பை நான் குறை சொல்லமாட்டேன். துப்பாக்கி தொடுகிற எல்லோருக்கும், குடிமக்களுக்கும் சேர்த்து, அதைக் கட்டாயமாக்கினால் இரண்டு கையாலும் வரவேற்பேன். ஆனால் லைசென்ஸின் ஆயுள் மார்ச் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான். புதுப்பிக்காமல் விட்டால், அலமாரியில் பூட்டிக் கிடக்கிற அதே துப்பாக்கிக்காக அவன் மார்ச் முதல் தேதி காலையில் மத்திய அரசின் குற்றவாளி. பக்கத்து வீட்டுக் குடிமகனோ அடையாள அட்டையை நீட்டி, பின்னணிச் சோதனை முடிந்ததும், பெரும்பாலும் அரை மணி நேரத்தில் துப்பாக்கியோடு வெளியே போய்விடுகிறான்.

நம் ஊரில் முறை வேறு. 1959 ஆயுதச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டும், போலீஸ் விசாரணை வரும். மலையடிவாரத்தில் எங்கள் தாத்தா வீட்டில் காட்டுப்பன்றிக்காக ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்த உடனே அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவருவார். மிராசுதாரரும் அதையேதான் செய்தார். யாரையும் தனியாக நிறுத்தி ஏற இறங்கப் பார்த்ததில்லை. அந்தச் சமநிலை இந்தப் பணக்கார நாட்டில் இல்லை என்பேன்.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையனுக்கு நான் சொன்னது, இந்த ஆட்டத்துக்கு வர நினைக்கிற யாருக்கும் உதவும்.

அமெரிக்க டிராப்பில் தாழ்வான ஒரு சின்னக் கொட்டகைக்குப் பின்னால், 16 கஜத்தில், ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். "புல்" என்று கத்தினால் உள்ளேயிருந்து இயந்திரம் ஒரு தட்டை வீசும். சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து வார்த்த தட்டு. 108 மில்லிமீட்டர் அகலம், மேலே ஆரஞ்சு வர்ணம். மணிக்கு எழுபது கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஏறிக்கொண்டே விலகி ஓடும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு இடத்தில் ஐந்து தட்டு, பிறகு அடுத்த இடம். இருபத்தைந்து தட்டு சேர்ந்தால் ஒரு ரவுண்டு. ஒரு தட்டுக்கு ஒரே தோட்டாதான். ஆக, வெறும் ஒற்றைத் தட்டு சுடுகிறவருக்கு இரண்டாவது குழல் தேவையே இல்லை. மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்த துப்பாக்கி அழகுதான். ஆனால் மலிவு விலையில் அதைத் தேடுகிறவர்கள் தேவையில்லாத குழலுக்குப் பணம் கொடுத்து, விசையிலும் பூட்டிலும் தரத்தை இழக்கிறார்கள். ஒரு கோடையில் ஆயிரக்கணக்கான தோட்டா போகும்போது அந்தப் பூட்டுதான் முதலில் ஆட்டம் காணும்.

அடுத்தது எடை. கடையில் தூக்கிப் பார்க்கும்போது மூன்று கிலோ துப்பாக்கி சொகுசாக இருக்கும். அது வேட்டைக்காரர் நாள் முழுக்கச் சுமந்து நடக்கச் செய்தது. அவர் அன்று சுடுவது நாலைந்து தோட்டா. நாம் ஒரு சாயங்காலத்தில் நூறு தோட்டா சுடுவோம். உதை முழுவதையும் தோள்தான் வாங்கும். மூன்றரை கிலோவுக்கு மேல் கனமுள்ள 12 போர், 30 அங்குலக் குழல், இவை இருந்தால் உதையும் அடங்கும், குழல் வீச்சும் சீராகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உடம்புக்குப் பொருந்துவது. துப்பாக்கியும் செருப்பு மாதிரிதான், அடுத்தவன் அளவு நமக்கு ஆகாது. பின்கட்டைகள் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு மேல் நீளமாக, ஆறடி ஆளுக்கென்று வருகின்றன. எங்கள் கிளப்பில் ஒரு வயதான விவசாயி எனக்குக் காட்டிக்கொடுத்த சோதனையைத்தான் கடையில் அந்தப் பையனுக்கும் செய்தேன். துப்பாக்கி காலி என்று திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி, தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் அழுத்தச் சொன்னேன். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னேன். குழல் மேலுள்ள பட்டை கண்ணுக்கு நேராக ஓடி, முனையிலுள்ள மணி பட்டைக்குச் சற்று மேலே தெரிந்தால் அது அவன் துப்பாக்கி. பட்டை தெரியாமல் துப்பாக்கியின் முதுகு மறைத்தால் கன்னம் தாழ்ந்திருக்கிறது. கட்டைமேல் ஒரு ரப்பர் பட்டையை ஒட்டி உயர்த்திவிடலாம். தட்டு ஏறிக்கொண்டே போகிறதல்லவா, ரவைக் கூட்டமும் குறிக்குக் கொஞ்சம் மேலேயே விழவேண்டும்.

வாங்க வேண்டியது எது? பழைய ரெமிங்டன் 870. பம்ப் துப்பாக்கி, 1950 முதல் வருகிறது, ஒரு கோடிக்கு மேல் விற்றாகிவிட்டது. கம்பெனி 2020ல் திவாலாகிக் கைமாறிய பிறகும் உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கிறது. அதிலும் விங்மாஸ்டர் என்று பொறித்த பழைய துப்பாக்கியைத் தேடுங்கள். பின்னாளில் மலிவாக வந்த எக்ஸ்பிரஸைவிட இழைப்பும் மெருகும் பல மடங்கு மேல். ஐநூறு டாலரை ஒட்டிப் பேசி முடிக்கலாம். கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் பிரவுனிங் பிடி-99: ஒற்றைக் குழல், டிராப்புக்கென்றே செய்தது, பயன்படுத்தியது ஆயிரம் டாலரை ஒட்டி அகப்படும். வாங்கிய விலைக்கே அநேகமாக விற்கவும் முடியும். தானியங்கித் துப்பாக்கியில் உதை குறைவு. ஆனால் காலித் தோட்டா வலப்பக்கம் நிற்பவர் மேல் தெறிக்கும், அதைத் தடுக்க ஒரு கிளிப் மாட்டியாக வேண்டும்.

மிச்சப்பட்ட பணம் தோட்டாவுக்குப் போகட்டும். 25 தோட்டா கொண்ட பெட்டி பத்து டாலர் சொச்சம். வாரம் நாலு ரவுண்டு, இருபது வாரம் என்றாலே எண்ணூறு டாலர் தாண்டும். துப்பாக்கி விலையை ஒரே கோடையில் தோட்டா விழுங்கிவிடும். இங்கே அனோக்காவில் 1922 முதல் ஃபெடரல் கம்பெனி தோட்டா செய்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட லீக் வைத்துச் சுடுகிற மாநிலம் இது. ஜூன் மாதம் அலெக்சாண்ட்ரியாவில் அவர்களின் போட்டியைப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ஒரே வரிசையில், துப்பாக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு, அத்தனை ஒழுங்காக நிற்பார்கள். இந்த ஒழுங்கை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இங்குள்ளவர்களுக்கு நான் பெருமையாகச் சொல்வது வேறு. புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் குழுத் தங்கம் வென்ற மூவரில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். அது இதைவிட வேகமான, கடினமான ஒலிம்பிக் டிராப். கிளப்பில் இதைச் சொன்னதும் அந்த விவசாயி புதுக்கோட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டு, போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை படிப்பு விசாவிலோ எச்-1பியிலோ அமெரிக்காவில் இருந்தால் இந்த வாரம் போனில் பேசும்போது சொல்லிவையுங்கள். நண்பர்கள் ரேஞ்சுக்குக் கூப்பிட்டால் வேட்டை லைசென்ஸ் கைக்கு வரும்வரை துப்பாக்கியைத் தொடவேண்டாம். வாடகைத் துப்பாக்கியும் கணக்குத்தான், பாக்கெட்டில் போட்டுக்கொண்ட ஒற்றைத் தோட்டாவும் கணக்குத்தான்.