எதிரொலி

செஞ்சிக் கோட்டைக் களஞ்சியத்தினுள் பேசினால் நம் குரலே திரும்பி வருகிறது. முப்பது வருஷம் பௌதிகம் கற்பித்த என் வகுப்பும் அப்படித்தான்: என் வாக்கியங்களையே பையன்கள் எழுதினார்கள், நான் மார்க் போட்டேன்.

மாணவனாயிருந்தபோது ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவில் கேள்வியொன்று நாக்குவரை வந்து நின்றது. பேசவந்த வெளிநாட்டுக்காரர் போய்விட்டார். கேள்வியும் மறந்துபோயிற்று.

சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டிலேயே கருத்தரங்கு நடத்தினார். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் அங்கே வந்து மாணவர்களோடு பேசினார். அந்த வீட்டுப் பேச்சிலிருந்து வளர்ந்தது மேட்சயன்ஸ் கழகம். 1962 ஜனவரி 3இல் சந்திரசேகர் தொடக்கவுரை.

நேற்று ராஜகிரியைப் பார்த்துப் பேத்தி கேட்டாள்: “தாத்தா, பூமி உருண்டை. இந்த மலை ஏன் உருண்டையாகலே?”

பதில் தெரியும். வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

“நீ என்ன நினைக்கிறே?”

படியில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தாள்.