கும்மியும் இங்கிலீஷும்

இங்கிலீஷ் கற்பதில் உள்ள கஷ்டமெல்லாம் எழுத்துக் கூட்டுவதில்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதிக் கஷ்டம். ஒரு சொல்லில் எந்த இடத்தில் குரலை ஊன்றுவது என்பது மற்றப் பாதி. பி.ஏ. தேறிய புதிதில் ஓர் உத்தியோகத்துக்காகப் பேட்டிக்குச் சென்றிருந்தேன். 'டெவலப்' என்பதில் இரண்டாவது அசையை அழுத்த வேண்டியவன் முதல் அசையை அழுத்திவிட்டேன். எதிரே இருந்த மூவரும் புன்னகை புரிந்தார்கள். இருபது வருஷமாகியும் அந்தப் புன்னகை என்னை விட்டபாடில்லை.

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை நடந்தது. பேரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, 'போட்டோகிராப்' என்பதைப் போலவே 'போட்டோகிராபி'யையும் முதல் அசையில் அழுத்தினாள். பின் பெஞ்சு சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்றால் அது பொய். மறுநாள், தன் பெயரை அடித்துவிடச் சொல்லி வந்து நின்றாள்.

"எங்கே அழுத்தோணும்னு எப்படிங்க சார் தெரியும்?" என்றாள்.

நியாயமான கேள்வி. நாம் அசை பிரிக்கத் தெரியாதவர்கள் அல்ல. கோயமுத்தூர் என்பது கோ, யமுத், தூர்; நேர், நிரை, நேர்; கூவிளங்காய். ஆனால் நமது நிரையசையில் இரண்டு உயிரோசை அடங்கும். இங்கிலீஷ் அசைக்கு ஒன்றுதான். அன்றியும், தமிழ்ச் சொல்லை எங்கே அழுத்தினாலும் பொருள் மாறாது. அங்கேயோ 'ரிகார்ட்' என்பதை முதலில் அழுத்தினால் பெயர்ச்சொல், பின்னால் அழுத்தினால் வினைச்சொல். அழுத்தம் பெறாத உயிரோ, நம் குற்றியலுகரத்தைப் போலப் பெரும்பாலும் தேய்ந்து போகும்.

அவளுக்கு வள்ளி கும்மி தெரியும். "இலக்கணம் கிடக்கட்டும், கண்ணு; கும்மி அடி" என்றேன். அழுத்தம் விழும் அசைக்கு ஓங்கிக் கை தட்ட வேண்டும்; மற்றவற்றுக்கு விரல் நுனி போதும். போட்டோகிராப், முதல் அசை. போட்டோகிராபி, இரண்டாவது. போட்டோகிராபிக், மூன்றாவது. 'ஷன்', 'இக்' என்று முடியும் சொற்களில் அதற்கு முந்தின அசையில் தட்டு என்று ஒரு விதியும் சொல்லிவைத்தேன். 'எக்ஸாமினேஷன்' என்பதன் ஐந்து அசைகளையும் தட்டி, 'னே'யில் ஜன்னல் அதிர அடித்தாள்.

பிறகு கேட்டாள்: "வெள்ளைக்காரங்க நம்ம ஊர்ப் பேரைக் கடைசியில அழுத்திச் சொல்றாங்களே, அதுக்கு யாராச்சும் சிரிச்சாங்களாங்க சார்?"

"இல்லை" என்றேன்.

சனிக்கிழமை பேசினாள், இரண்டாம் பரிசு. பேச்சினிடையே 'அரித்மெடிக்' வந்தது. என் விதிப்படியே 'மெ'யில் அழுத்தினாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. வீட்டுக்கு வந்து, 1917-ல் முதன்முதலாக வெளிவந்த டானியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதியைப் புரட்டினேன். பெயர்ச்சொல்லாக வரும்போது அந்தச் சொல் விதிக்கு அடங்காது. இரண்டாவது அசையில்தான் அழுத்தம்.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் காரியமாக, பிழை அவளுடையதன்று, என்னுடையது என்று சொன்னேன். பின் பெஞ்சு சிரித்தது.