கையால் மீன்பிடிப்பவள்

கடலூரில் எங்கள் வீடு உப்பனாற்றுக்குப் பக்கத்தில். தூண்டில் அண்ணனுக்கு மட்டும்தான். வயதுக்கு வந்தபின் ஆற்றங்கரைப் பக்கம் போகவே அம்மா விடவில்லை. பிறகு ஆலைக் கழிவு சேர்ந்து ஆறு நாறத் தொடங்கியது. அண்ணனும் போவதை நிறுத்திவிட்டான். ஆற்றை இழந்துவிட்டதாக எனக்கு அன்று தோன்றவில்லை. என்னுடையதாக இருந்தால்தானே இழப்பதற்கு?

இங்கிலாந்தில் டெர்பி நகரத்துத் தூண்டில்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. டெர்வென்ட் ஆற்றில் ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் மின்நிலையத்தின் வெந்நீரும் கலந்தபோது அவர்களுடைய சங்கம் வழக்குப் போட்டது. 1952இல் மேல்முறையீட்டிலும் வென்றது. மீன்பிடி உரிமை சங்கத்திடம் இருந்ததால் ஆற்றுக்காகப் பேச முடிந்தது.

சிதம்பரத்துக்கு வேலைக்கு வந்த பிறகு, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்தில் ஓர் இருளர் அக்காவைப் பார்த்தேன். இடுப்பளவு நீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கரையேறியதும் கேட்டேன்.

"தூண்டி, வலை ஒன்னும் இல்லியாக்கா?"

"கைய வெச்சாலே தெரியும் டீச்சர், எறா எங்க கெடக்குதுன்னு. கெளுத்தி குத்துனாதான் ரெண்டு நாளு கை வீங்கிடும்."

அந்தக் கழிமுகமும் ஒருமுறை செத்துப் பிழைத்ததுதான். வனத்துறை 1970கள் வரை கண்டல் மரங்களைக் கூப்பு கூப்பாக வெட்டியது. வெட்டிய நிலம் தாழ்ந்து, நீர் வடியாமல் உப்பேறி, கன்றே முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. ஓதம் உள்ளே வந்து போகத் தொடங்கியது. காடு திரும்பியது. 2004 சுனாமியில் பின்னாலிருந்த ஊர்களுக்கு அதுவே அரணானது.

"வாய்க்கா வெட்டப் போனீங்களா?"

"போனேனே. அன்னிக்குக் கூலி குடுத்தாங்க. அப்புறம் எறா வந்துச்சு."

அக்காவுக்குச் சங்கம் இல்லை, நீர்மேல் உரிமைச் சீட்டும் இல்லை. ஆனால் இறால் குறைந்தால் முதலில் அறிவது அந்தக் கைகள்தான். அவற்றை எந்த நீதிமன்றம் சாட்சிக்கு அழைக்கும்? இருபது வருடமாக நெய்தல் திணை நடத்துகிறேன். நானும் அழைத்ததில்லை.

"நீங்களும் கைய வுட்டுப் பாருங்க டீச்சர்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு குளிர்ந்திருந்தது. விரலில் ஏதோ துள்ளி நழுவியது. கத்திவிட்டேன். அக்கா சிரித்தார்.

"விட்டுட்டீங்களே! மறுபடி தடவுங்க."

தடவினேன்.